வலிப்பு என்று எழுதும் முன் ஓர் இசிஜி

வலிப்பு வந்த குழந்தையை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுபவர்கள், தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர்கள், சிறுநகரங்களில் கிளினிக் வைத்திருக்கும் குழந்தை மருத்துவர்கள், அவர்கள் எழுதி அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்கள் என எல்லோரையும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். காய்ச்சல் இல்லாமல் முதன்முறையாக வலிப்பு வந்தது என்று சொல்லி உங்களிடம் தூக்கி வரப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும், சீட்டில் வலிப்புநோய் என்று எழுதுவதற்கு முன் பன்னிரண்டு லீட் இசிஜி ஒன்று எடுங்கள். எடுத்த தாளை நீங்களே அளந்து பாருங்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வலிப்புநோய் வழிகாட்டியும், முதல் வலிப்பு என்று சந்தேகிக்கப்படுபவர்களுக்கு இதைத்தான் செய்யச் சொல்கிறது. ஆக, நான் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. புத்தகத்தில் இருக்கும் ஒன்று கைக்கு வராமல் நிற்கிறது. அப்படி நிற்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத்தான் பேச வருகிறேன்.

ஒரு தாய் எப்படிச் சொல்வாள் என்று நினைத்துப் பாருங்கள். "நல்லா விளையாடிக்கிட்டு இருந்தான் டாக்டர். திடீர்னு விழுந்தான். கண்ணு மேல சொருகிடுச்சு, கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு, ஒண்ணுக்குப் போயிட்டான். சாவிக்கொத்தைக் கையில குடுத்தோம், கொஞ்ச நேரத்துல முழிச்சிட்டான்." இதைக் கேட்டதும் பேனா தானாகவே வலிப்பு என்று எழுதப் போகும். மூளையின் மின்கிளர்ச்சியால் வரும் வலிப்பு இப்படித்தான் இருக்கும் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதயம் சில நொடிகள் வேலை செய்யாமல் போனாலும் இப்படித்தான் இருக்கும். கீழறைகள் ஒழுங்கு தப்பித் துடிக்கத் தொடங்கினால் ரத்தம் வெளியே போவதில்லை. மூளைக்கு ரத்தம் நின்ற பத்து நொடி அளவில் நினைவு தப்பும். அதற்கு மேலும் நீடித்தால் கண் மேலேறும், உடல் விறைக்கும், கை கால் உதறும். பெர்லினில் தாமஸ் லெம்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் கண்முன் காட்டியது. நல்ல உடல்நலத்துடன் இருந்த தன்னார்வலர்களை வேண்டுமென்றே மயங்கச் செய்து வீடியோ எடுத்தார்கள். முழுதாக நினைவிழந்த 42 பேரில் 90 சதவீதம் பேருக்குக் கை கால் உதறியது. மூளைக்குச் சில நொடி ரத்தம் போகவில்லை என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் நடக்கவில்லை. கை கால் இழுத்தது என்ற தாயின் சொல், உடல் உதறியது என்பதற்குச் சாட்சி. அது எதனால் உதறியது என்பதை அந்தச் சொல்லிலிருந்து மட்டும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். லைப்சிக் நகரத்து மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் மைஸ்னர், காது கேளாதோரைப் பற்றி 1856இல் எழுதிய நூலில் ஒரு சிறுமியைக் குறிப்பிடுகிறார். பள்ளியில் ஏதோ சிறு தவறுக்காக எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்ட அந்தப் பிள்ளை, நின்ற இடத்திலேயே விழுந்து இறந்துபோனாள். செய்தி போனபோது பெற்றோர் ஆச்சரியப்படவில்லை. காது கேளாத இன்னும் இரண்டு பிள்ளைகளை அவர்கள் ஏற்கெனவே இதே மாதிரி பறிகொடுத்திருந்தார்கள். ஒன்று பெரிதாகப் பயந்தபோது, மற்றது கடுங்கோபத்தில் இருந்தபோது. நூறாண்டு கழித்து, 1957இல், நார்வேயின் ஆன்டன் யெர்வெலும் ஃப்ரெட் லாங்கே-நீல்சனும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்த நான்கு பேரும் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள். அவர்களில் மூவர் 4, 5, 9 வயதுகளில் திடீரென்று இறந்தார்கள். இந்த முறை பார்க்க ஒரு கருவி இருந்தது. இசிஜி தாளில் க்யூ.டி. இடைவெளி நீண்டு கிடந்தது. 1963இல் இத்தாலியில் ரொமானோவும், 1964இல் டப்ளினில் வார்டும், காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளிடமும் இதே நீட்சியைக் கண்டார்கள். லாங் க்யூ.டி. நோய்க்குறி என்று நீங்கள் கல்லூரியில் படித்தது இதைத்தான். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்சாரத்தை மீட்டுக்கொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். பொட்டாசியமும் சோடியமும் போய்வரும் வாசல்களில் பிறவியிலேயே குறை இருந்தால் அந்த மீட்சி தாமதமாகிறது. தாமதமாகும் அந்தச் சிறு நேரத்தில் இன்னொரு துடிப்பு வந்து மோதினால் இதயம் முறுக்கிக்கொண்டு துடிக்கத் தொடங்கும். பெரும்பாலான நேரம் அது தானாக அடங்கி, பிள்ளை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும். அடங்காமல் போகும் ஒரு நாளுக்காகத்தான் இந்த மடல்.

மூளையால் வரும் வலிப்பையும் இதயத்தால் வரும் மயக்கத்தையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், முதல் விடை கருவியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. விழுவதற்கு முந்தைய நொடி பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? பீட்டர் ஷ்வார்ட்ஸ் தலைமையில் 2001இல் வெளிவந்த ஆய்வில், மரபணு வகை தெரிந்த 670 லாங் க்யூ.டி. நோயாளிகளின் தாக்கங்களை, அவை எந்தச் சூழலில் வந்தன என்று வரிசைப்படுத்தினார்கள். முதல் வகையினருக்கு 62 சதவீதத் தாக்கங்கள் உடலுழைப்பின்போது வந்தன. நீச்சலின்போது வந்தவை கிட்டத்தட்ட எல்லாமே இந்த முதல் வகையினருக்கே வந்தவை. இரண்டாம் வகையினரைத் தாக்கியவை பயம், அதிர்ச்சி, திடீர்ச் சத்தம். மூன்றாம் வகையினருக்குத் தூக்கத்திலும் ஓய்விலும் வந்தன. இவற்றை நம்மூர்ப் பேச்சுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தொடும் முன் விழுந்த பிள்ளை. விடியற்காலை அலாரம் அடித்ததும் எழுந்தவாக்கில் சரிந்த பெண். தீபாவளியன்று பக்கத்தில் அணுகுண்டு வெடித்ததும் சுருண்டவள். கிணற்றில் குதித்தவன், நன்றாக நீச்சல் தெரிந்தும் மேலே வராமல் போனவன். நீச்சல் தெரிந்த பிள்ளை மூழ்கினால் ஊரில் முனி அடித்துவிட்டது என்பார்கள். அப்படிப் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் இதயக் கோளாறு இருந்தது என்று நான் சொல்லவில்லை. கிணற்றுக்குள் பாறையும் உண்டு, சேறும் உண்டு. ஆனால் அந்த வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை வலிப்பு என்று உங்களிடம் வந்தால், அண்ணன் எப்படிப் போனான் என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். வலிப்புநோய்ப் பிள்ளை பெரும்பாலும் எழுந்த பிறகு குழம்பிக் கிடக்கும், அசந்து தூங்கும், நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும். இதயத்தால் விழுந்த பிள்ளை விழும்போதே வெளுத்துப்போகும், எழும்போது சீக்கிரம் தெளியும். இந்த அடையாளங்கள் எப்போதும் கைகொடுக்காது என்பதும் உண்மை. அதனால்தான் கேள்வியோடு தாளும் வேண்டும் என்கிறேன்.

தவறு எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? மான்செஸ்டரில் ஜைதியும் குழுவினரும், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்றோ, வலிப்புதானா என்ற சந்தேகத்தோடோ அனுப்பப்பட்ட 74 பேரை இதய நோக்கில் பரிசோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். 31 பேருக்கு, அதாவது பத்தில் நான்கு பேருக்கு, வேறு காரணம் கிடைத்தது. அவர்கள் சந்தேகத்தின் பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் இந்த விகிதத்தை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. நியூசிலாந்தில் லாங் க்யூ.டி. மரபணு உறுதியானவர்களின் பழைய கோப்புகளைத் திரும்பப் புரட்டி 2009இல் எழுதப்பட்ட ஆய்வு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அவர்களில் கணிசமானவர்கள் முதலில் வலிப்புநோயாளிகளாகவே நடத்தப்பட்டிருந்தார்கள், சரியான பெயர் கிடைக்க ஆண்டுகள் பிடித்திருந்தன. இதற்கு யாருடைய அலட்சியமும் காரணமில்லை. ஒருமுறை பெயர் எழுதிவிட்டால் அந்தப் பெயரே அடுத்த மருத்துவரின் கண்ணை மறைக்கிறது. வால்புரோயேட் சிரப் கொடுத்தும் மறுபடி விழுந்தால், டோஸ் போதவில்லை என்று கூட்டுவோம். அப்புறம் இன்னொரு மருந்து சேர்ப்போம். மருந்து வேலை செய்யவில்லை என்பதே நோயின் பெயர் தவறு என்பதற்கான தடயமாக இருக்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றுவதில்லை.

இங்கே இஇஜியை நம்புகிறவர்கள் குறுக்கிடுவார்கள். மூளை அலையில் கோளாறு தெரிந்தால் வலிப்புதானே? இத்தாலியில் கவாஸுட்டியும் குழுவினரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வலிப்பே வந்திராத 3,726 பள்ளிப் பிள்ளைகளுக்கு இஇஜி எடுத்ததில் 131 பேருக்கு, அதாவது நூற்றில் மூன்றரைப் பேருக்கு, வலிப்பு மாதிரியான அலைகள் இருந்தன. இன்னொரு பக்கம், உண்மையான வலிப்புநோய் உள்ள பிள்ளைக்கே ஒரு தடவை எடுத்த இஇஜி சாதாரணமாக வருவது உங்களுக்கு அன்றாட அனுபவம். இரண்டு பக்கமும் இப்படி வழுக்கும் ஒரு பரிசோதனைக்குப் பிள்ளையை மாவட்டத் தலைநகர் வரை பஸ் ஏற்றி அனுப்புகிறோம். பக்கத்து அறையில் இருக்கும் இசிஜி மெஷினுக்கு அனுப்புவதில்லை. இது எனக்கு விளங்கவில்லை.

அரிய நோய்க்காக எல்லாப் பிள்ளைகளையும் படுக்கவைக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. இத்தாலியில் 44,000க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு இசிஜி எடுத்துப் பார்த்து, ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு லாங் க்யூ.டி. இருக்கும் என்று 2009இல் கணித்தார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிறப்புகள். அதே விகிதம் இங்கும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 450 குழந்தைகள். அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் வராது. வலிப்புநோயோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பரிசோதனை தேவையா என்பதை நோயின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. தவறவிட்டால் என்ன ஆகும், கண்டுபிடித்தால் என்ன செய்ய முடியும் என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. தவறவிட்டால் ஒரு பிள்ளை இறக்கலாம். கண்டுபிடித்தால் புரோபிரனலால் இருக்கிறது. 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் விலை மலிவான மருந்து அது. அதன் உறவான நாடலாலும் பயன்படுகிறது. மருந்து போதாதவர்களுக்கு இதயத்துக்குப் போகும் இடப்பக்கப் பரிவு நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை உண்டு, உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர் உண்டு. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜப்பானில் பள்ளி மாணவர்களுக்குச் சட்டப்படி இசிஜி எடுக்கிறார்கள். அது பெரிய விவாதம், இங்கே வேண்டாம். நான் பேசுவது ஏற்கெனவே ஒருமுறை விழுந்த பிள்ளையைப் பற்றி. காய்ச்சலோடு வரும் சாதாரண வலிப்பு, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வந்து சில நிமிடத்தில் அடங்குவது, இந்தக் கோரிக்கைக்குள் வராது. அதிலும் பிள்ளை வெளுத்து விழுந்தது என்றோ, வீட்டில் ஒரு திடீர் மரணம் உண்டு என்றோ தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்த மறுப்புதான் எனக்குக் கடினமாகப் படுகிறது. எடுத்தால் மட்டும் போதுமா, படிக்கத் தெரிய வேண்டாமா? சாமி விஸ்கினும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு நம்மை வெட்கப்பட வைக்கும். லாங் க்யூ.டி. உள்ளவர்கள், இல்லாதவர்கள் என நான்கு இசிஜிகளை 12 நாடுகளைச் சேர்ந்த 900க்கு மேற்பட்ட மருத்துவர்களிடம் காட்டினார்கள். நான்கையும் சரியாகப் பிரித்தவர்கள், க்யூ.டி. நிபுணர்களில் 96 சதவீதம், இதயத் துடிப்புக் கோளாறு நிபுணர்களில் 62 சதவீதம். பொதுவான இதய மருத்துவர்களிலும் மற்ற மருத்துவர்களிலும் கால்வாசிக்கும் குறைவு. அப்படியானால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எப்படிப் படிப்பார்? நான் இந்த ஆய்வை வேறுவிதமாகப் படிக்கிறேன். அவர்கள் தவறியதற்குப் பெரிய காரணம், பார்த்தார்களே தவிர முறையாக அளக்கவில்லை என்பது. ஆம்ஸ்டர்டாமில் 2008இல் மருத்துவ மாணவர்களுக்கு, டி அலையின் இறங்கு சரிவோடு ஒட்டி ஒரு கோடு இழுத்து அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் க்யூ.டி.யை முடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அனுபவமில்லாத அந்த மாணவர்களில் பெரும்பாலோர் சரியாகவே பிரித்தார்கள்.

வேலை உண்மையில் எவ்வளவு என்று ஒரு தாளை எடுத்துப் பார்ப்போம். இளஞ்சிவப்புக் கட்டங்கள், நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகம், ஒரு சிறு கட்டம் 0.04 நொடி. லீட் இரண்டிலோ வி5இலோ ஒரு துடிப்பைத் தேர்ந்தெடுங்கள். க்யூ தொடங்கும் இடத்தில் பேனா முனையை வையுங்கள், டி முடியும் இடம் வரை எண்ணுங்கள். 10 கட்டம் என்று வைத்துக்கொள்வோம், 0.40 நொடி. பார்க்க ஒரு குறையும் தெரியாது. இனி இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே எண்ணுங்கள். 16 கட்டம், 0.64 நொடி. அதன் வர்க்கமூலம் 0.8. 0.40ஐ 0.8ஆல் வகுத்தால் 0.50, அதாவது 500 மில்லி நொடி. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டி, திரும்பத் திரும்ப எடுத்தும் 480ஐத் தொட்டாலே நோய் என்று கொள்ளச் சொல்கிறது. மயங்கி விழுந்த வரலாறு இருந்தால் 460க்கு மேலேயே சந்தேகப்பட வேண்டும். க்யூ.டி.யை இப்படி வர்க்கமூலத்தால் வகுக்கும் கணக்கு பாசெட் 1920இல் கொடுத்தது, போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். அதற்கும் நேரமில்லாத நாளில் இன்னொரு வழி உண்டு. டி அலை முடியும் இடம், இரண்டு ஆர் முனைகளுக்கு நடுப்புள்ளியைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் நடுப்புள்ளி எட்டாவது கட்டம், டி முடிந்தது பத்தாவதில். துடிப்பு வேகம் அதிகமான சின்னக் குழந்தையிடம் இந்தக் குறுக்குவழி வீணாகப் பயமுறுத்தும். அதனால் இது அளக்கச் சொல்லும் மணி மட்டுமே, அளவுக்கு மாற்று ஆகாது. குழந்தைகளுக்கு மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்குவதால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். தாளின் மேல்மூலையில் மெஷினே அச்சடித்துத் தரும் எண்ணை மட்டும் தயவுசெய்து முடிவாகக் கொள்ளாதீர்கள். டி அலை தட்டையாகவோ இரட்டைத் திமிலோடோ இருக்கும்போது மெஷின் தவறுவது வழக்கம். பிரிக்க வேண்டிய கஷ்டமான தாள்களில் பல அப்படித்தான் இருக்கும்.

இசிஜி சாதாரணமாக வந்தால் பொய்யான நிம்மதி வந்துவிடாதா என்றும் கேட்பார்கள். வரும். மரபணுக் குறை உறுதியானவர்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓய்வில் எடுத்த க்யூ.டி. இயல்பு எல்லைக்குள் இருக்கும். சி.பி.வி.டி. என்னும் இன்னொரு நோய் உண்டு, பாரிஸில் குமேலும் குழுவினரும் 1978இல் விவரித்தது. அதில் படுத்திருக்கும் பிள்ளையின் இசிஜியில் ஒன்றும் இருக்காது. ஓடும்போது, அட்ரினலின் ஏறும்போது மட்டும் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும். இதைக் காட்டுவது டிரெட்மில் பரிசோதனைதான். ஆகவே தாள் சுத்தம் என்பதால் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயந்தபோதோ விழுந்த பிள்ளைக்கு இசிஜி எப்படி இருந்தாலும் இதய மருத்துவர் பார்க்க வேண்டும். எக்கோ எடுத்தால், தசை தடித்த இதயமும் குறுகிய மகாதமனி வால்வும் கண்ணில் படும். எல்லாவற்றையும் பிடிக்காது என்பதற்காக, நான்கில் மூன்று பேரைப் பிடிக்கும் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மறுபக்கம், வலிப்பு வந்து சற்று நேரத்தில் எடுத்த தாளில் க்யூ.டி. கொஞ்சம் நீண்டு தெரிந்து, பிறகு இயல்புக்குத் திரும்பலாம். அதற்காகக் குடும்பத்தைக் கலங்கடிக்காமல், சில நாள் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்துப் பேசுங்கள்.

அந்த நீட்சி இன்னொரு செய்தியையும் சொல்லக்கூடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் க்யூ.டி. நீளும், வலிப்பும் வரும். வைட்டமின் டி இல்லாமல் எலும்பு மெலிந்த கைக்குழந்தையிடம் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே பிறவி இதயக் குறை உள்ள குழந்தையிடம் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இதயத்தின் பெருங்குழாய்களில் குறையும், பாராதைராய்டு வலுவின்மையால் கால்சியம் குறைவும் சேர்ந்து வருவதுண்டு. அவர்களுக்கு வேண்டியது வலிப்பு மருந்தைவிட முதலில் கால்சியம். இதயநோய் உள்ள பிள்ளைக்கு வலிப்பு வந்தால் இரண்டு பக்கமும் தவற வாய்ப்புண்டு. நீலக்குழந்தை என்று சொல்லப்படும், டெட்ராலஜி உள்ள பிள்ளையின் வலிப்பை அது இதயக் கோளாறால் வரும் நீலம்தான் என்று ஒதுக்கினால், மூளைக்குள் சீழ்க்கட்டி இருப்பது தப்பிப்போகும். தலைவலியும் வாந்தியும் சேர்ந்திருந்தால் ஸ்கேன் அன்றைக்கே வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து எழுதும்போதும் இதயத்தை மறக்க முடியாது. லாமோட்ரிஜின் இதயநோய் உள்ளவர்களிடம் துடிப்புக் கோளாற்றைத் தூண்டலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்தது. ஃபெனிட்டாயினை நரம்பு வழியே வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் சரியும் என்பது பழைய பாடம்.

மூளையா இதயமா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2009இல் வெளியிட்ட ஆய்வில், லாங் க்யூ.டி. இரண்டாம் வகையினரிடம் வலிப்பு வரலாறு மற்ற வகையினரைவிடக் கூடுதலாக இருந்தது. இதயத்தில் இருக்கும் அதே பொட்டாசிய வாசல் மூளையிலும் இருக்கிறது. எனவே இஇஜியில் உறுதியான வலிப்புநோய் தெரிந்துவிட்டது, இனி இசிஜி எதற்கு என்ற வாதமும் நிற்காது. இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம்.

கடைசியாக நேரம். காலை ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்க, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்க முடியும் என்ற கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் வலிப்பு என்று வரும் குழந்தைகள் அந்த வரிசையில் ஒருவரோ இருவரோதான். இசிஜியை டெக்னீஷியனோ செவிலியரோ எடுத்துவிடுவார்கள். உங்களுக்கு மிஞ்சுவது மூன்று கேள்வியும் இரண்டு நிமிட அளவும். விழும்போது என்ன செய்துகொண்டிருந்தான்? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா? பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா? மூன்றாவது கேள்வி பலருக்குப் புதிதாக இருக்கும். மைஸ்னரின் சிறுமியும் நார்வே நாட்டுப் பிள்ளைகளும் கொண்டிருந்த வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையான மரபணு வந்தால் வருவது. உறவுக்குள் திருமணம் நாட்டிலேயே அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் ஊரில், பிறவியிலேயே காது கேளாத ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தது என்றால், இசிஜி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த வரும் பிள்ளைகளுக்கும் அறுவைக்கு முன் எடுக்கும் இசிஜியில் க்யூ.டி.யை ஒருவர் கையால் அளந்து எழுத வேண்டும். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் போகும் குழுக்களின் படிவத்தில் காது கேளாமைக்கு ஓர் இடம் உண்டு, வலிப்புக்கு ஓர் இடம் உண்டு, பிறவி இதயநோய்க்கு ஓர் இடம் உண்டு. ஒரே பிள்ளையின் படிவத்தில் இவற்றில் இரண்டு நிரம்பினால், அந்தத் தாளை ஒரே மருத்துவர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

லாங் க்யூ.டி. நோய் உறுதியானால், சீட்டில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, கொடுக்கக் கூடாத மருந்துகள். வாந்திக்கு ஆன்டான்செட்ரான், சளிக்கு அசித்ரோமைசின் என்று நாம் யோசிக்காமல் எழுதுபவையே க்யூ.டி.யை நீட்டும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும். அந்தப் பட்டியல் தமிழில், மருந்துக்கடைக்காரர் படிக்கும்படி இருக்கட்டும். நீச்சலும் ஓட்டப்பந்தயமும் இதய மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம் என்பதைப் பள்ளிக்கும் எழுதிக் கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியர் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைக்காமல் இருக்க அது உதவும். இரண்டாவது வரி, குடும்பம். ரொமானோவும் வார்டும் கண்ட வகையில், குறை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே தம்பி தங்கையைப் படுக்கவைத்து எடுங்கள், அப்பாவுக்கு எடுங்கள், அம்மாவுக்கும் எடுங்கள். இரண்டாம் வகை உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள்தான் அபாயம் கூடிய காலம். கைக்குழந்தை அழும் சத்தத்திலும், தூக்கமில்லாத இரவிலும் அவர்கள் மயங்கி விழக்கூடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் முன் நிற்பவள் கர்ப்பமாக இருந்தால், அவளுடைய இசிஜியின் நகல் ஒன்றை மகப்பேறு அட்டையோடு சேர்த்துப் பின் பண்ணிக் கொடுத்து அனுப்புங்கள்.